பைச்சிலந்தியும் ‘சி’ என்ற இடமும்

அஞ்சலை எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கக் கேட்டுக்கு வந்து நின்றபோது பகல் ஷிப்ட் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெயிலுக்காகத் தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள். நான் கேட்டைத் திறக்காமலே வாங்கிக்கொண்டேன்.

“டீச்சரம்மா, நீங்க எங்க வூட்டாண்ட வந்து பூச்சி புடிச்சிக்கினு போறப்பல்லாம் ஒரு சீட்டு எழுதிக் குப்பிக்குள்ள போடுவீங்களே. தேதி, எடம் எல்லாம் அதுல எழுதுவீங்கதானே. அதுல ஒரு சீட்டு எனக்குக் குடுங்க. பழசாப் பாத்துக் குடுங்க. ஆபீஸ்ல கேக்கறாங்க.”

அவள் நீட்டியது நில எடுப்பு அலுவலகத்தின் நோட்டீஸ். புதுச் சுரங்கத்துக்காக அவளுடைய ஊரான மேலப்புளியங்குப்பத்தை எடுக்கிறார்கள். அறிவிப்பு வந்த தேதிக்கு முன்பே அந்த ஊர்க் காலனியில் தனி வீடாகக் குடியிருந்தவர்கள் அதற்கு ஏதாவது எழுத்து ஆதாரம் காட்ட வேண்டும். காட்டினால் மாற்றுக் குடியிருப்பில் ஒரு மனையும், வீட்டில் ஒருவருக்குக் கான்ட்ராக்டில் வேலையும் உண்டு. காட்டாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. கடைசி நாள் அடுத்த சனிக்கிழமை.

அஞ்சலையிடம் ஒரு தாளும் கிடையாது. ரேஷன் கார்டு மாமனார் பெயரில் இருந்தது, அது கொழுந்தன் வீட்டில் இருந்தது. அந்தக் கார்டைக் காட்டிக் கொழுந்தன் பட்டியலில் ஏறிவிட்டான். புருஷன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடிசை போட்ட அஞ்சலை, சர்க்கார் கணக்கில் கொழுந்தன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவள். அப்படி இல்லை என்று எழுதிவைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று அவளாக யோசித்துக் கண்டுபிடித்து, அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள்.

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் என் ஆராய்ச்சிக் காலத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு பெண் அந்தக் காலத்தில் சைக்கிளில் போய்ச் சிலந்தி பிடித்தது பெரிய சாதனை என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன். படித்துவிட்டுப் பாராட்டுக் கடிதம் மட்டும் போடாதீர்கள்.

மூன்று மடிப்பு

அப்போது நான் கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். வாரம் முழுவதும் அங்கே விடுதியில் இருப்பேன், வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் நெய்வேலிக்கு வந்துவிடுவேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவர். எங்கள் பிளாக்கில் இடது பக்க வீட்டார் கோயம்புத்தூர், வலது பக்க வீட்டார் ராமநாதபுரம். உள்ளூர்க்காரர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை. பாத்திரம் தேய்க்க வருவார்கள், முந்திரிக்கொட்டை விற்க வருவார்கள், போய்விடுவார்கள்.

நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது பைச்சிலந்திகள். சரியாகச் சொன்னால் கைராகாந்தியம் என்ற பேரினமும் அதன் இனங்களும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் “என்ன ஆராய்ச்சி?” என்று கேட்டு, நான் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காபியைக் குடித்து முடித்துவிடுவார்கள். இரண்டு இடம் அப்படித்தான் தட்டிப்போனது.

பைச்சிலந்தி வலை கட்டி இரை பிடிக்காது. பகலெல்லாம் இலையைச் சுருட்டி அதற்குள் வெள்ளை நூலால் ஒரு பை நெய்து அதில் படுத்திருக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து ஓடி ஓடி வேட்டையாடும். வெளிறிய வைக்கோல் நிறம், கறுத்த வாய், முன்கால் மட்டும் நீளம். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இது வேறு இனம், அது வேறு இனம் என்று சொல்ல வேண்டுமானால் ஆண் சிலந்தியின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உணர்காலின் நுனியையும், பெண் சிலந்தியின் அடிவயிற்றில் இருக்கும் சின்னத் தகட்டையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைய வேண்டும். ஒரு முள் இந்தப் பக்கம் வளைந்தால் ஒரு பெயர், அந்தப் பக்கம் வளைந்தால் இன்னொரு பெயர். அந்த ஒரு வளைவுக்காக மனிதர்கள் ஆயுளைச் செலவழிக்கிறார்கள். நானும் மூன்று வருஷம் செலவழித்தேன்.

பிடிக்கிற முறை எளிது. குடையை விரித்துத் தலைகீழாகச் செடிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, கிளையை ஒரு தடியால் தட்ட வேண்டும். விழுகிறதைப் பொறுக்கிக் குப்பியில் போட வேண்டும். டவுன்ஷிப் தோட்டங்களில் இப்படித் தட்டிக்கொண்டு திரிந்தபோது என்னைப் பைத்தியம் என்று நினைத்தவர்கள் உண்டு. எங்கள் அம்மா அதில் ஒருத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை ஒட்டியே சைக்கிளில் போனவள், வழி தவறி மேலப்புளியங்குப்பத்து வயலுக்குப் போய்விட்டேன். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்து என் குடையை எட்டிப் பார்த்தாள். அவள்தான் அஞ்சலை.

“இந்தப் பூச்சிக்கா இவ்ளோ கஷ்டப்படறீங்க? இது எங்க பயிருலயே எக்கச்சக்கமாக் கெடக்குதேங்க” என்று சொல்லிவிட்டு, நெற்பயிரின் ஒரு தோகையைப் பிடித்துக் காட்டினாள். தோகையின் நுனி மூன்று தடவை மடிக்கப்பட்டு, ஓரம் நூலால் தைத்தது போல் ஒட்டியிருந்தது.

“புழு சுருட்டுனா நீட்டுவாக்குல சுருட்டும். இது பீடா மடிக்கிற மாதிரி மடிக்குது பாருங்க. ஆம்பளைங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு பிச்சிப் போட்டுடறாங்க. இது இருந்தா புழு கொறையுதுங்க. நான் பாத்துட்டேன்.”

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இருந்த தடித் தடிப் புத்தகங்களைப் புரட்டி நான் ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டதை அவள் களை எடுக்கும்போது தெரிந்துகொண்டிருந்தாள்.

அஞ்சலையின் பந்தல்

அதற்குப் பிறகு நான் வேறு எங்கும் அலையவில்லை. அஞ்சலையின் குடிசையை ஒட்டி ஒரு பீர்க்கன் பந்தல் இருந்தது. அந்தப் பந்தல் இலைகளில் இருந்த அளவுக்குப் பைச்சிலந்திகளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது போவேன். அவள் முன்னாலேயே பார்த்துவைத்து, பை இருக்கிற இலைகளின் காம்பில் வாழை நாரைக் கட்டி அடையாளம் வைத்திருப்பாள். நான் அவளுக்கு அம்மாவின் பழைய புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை முட்டை காக்கிற பெண் சிலந்தி இருந்த இலையை எனக்காகப் பிரித்தவளை அது கட்டை விரலில் கடித்துவிட்டது. இந்த இனத்தில் தாய்ச் சிலந்தி முட்டையை விட்டு ஓடாது, கடிக்கும். விரல் சிவந்து வீங்கியது. அவள் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, “பெத்தவதானே, வுடுவாளா” என்றாள். நான் அவள் விரலைப் பார்க்கவில்லை. கடித்த சிலந்தி தப்பிவிடக் கூடாதே என்று குப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அவளால் அரிவாள் பிடிக்க முடியவில்லை என்று அப்புறம் பெரிய பெண் சொல்லித் தெரிந்தது.

அவள் என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள். நான் அவளை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவள் எனக்கு வாங்க, போங்க போட்டாள். டவுன்ஷிப்பில் எங்கள் எல்லோருக்கும் இது இயல்பாக இருந்தது. இதை எழுதும்போதுதான் கை நிற்கிறது.

அந்தப் பந்தலில் கிடைத்த ஓர் ஆண் சிலந்தியைப் பார்த்துவிட்டுத்தான் பேராசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்தார். உணர்காலின் முள் எந்தப் புத்தகத்திலும் இருக்கிற படத்தோடு ஒத்துப்போகவில்லை. இது புது இனம் என்றார். கட்டுரை எழுதினோம். அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. சிலந்திக்கு நெய்வேலியின் பெயரையே லத்தீனாக்கி வைத்தார். அப்பா அந்த விஷயத்தை ஷிப்டில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

ஓர் அங்குலத் தாள்

இனி அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குப்பிகள் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய காலி பெனிசிலின் குப்பிகள். அதில் ஸ்பிரிட் ஊற்றி, சிலந்தியைப் போட்டு, கூடவே லேபிளையும் உள்ளேயே போட்டுவிட வேண்டும். வெளியே ஒட்டினால் உதிர்ந்துவிடும். லேபிள் ஓர் அங்குல நீளம், அரை அங்குல அகலம். ஸ்பிரிட்டில் கரையாத கறுப்பு மையால் அதில் இடம், தேதி, செடி, பிடித்தவர் பெயர் நான்கும் எழுத வேண்டும். லேபிள் இல்லாத சிலந்தி வெறும் செத்த பூச்சி. இதைப் பேராசிரியர் வாரம் ஒரு தடவையாவது சொல்வார்.

மேலப்புளியங்குப்பம் என்பதை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் அடங்காது. முதல் தடவை நான் கஷ்டப்பட்டுப் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டுபோனபோது பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “இது எந்த மேப்லம்மா இருக்கு? நாளைக்கு வெளிநாட்டுக்காரன் தேடினா கிடைக்க வேண்டாமா? நெய்வேலின்னு போடு. உலகத்துக்கே தெரியும்.”

நான் மறுத்துப் பேசவில்லை. பேசத் தோன்றவே இல்லை. எங்கள் டவுன்ஷிப்பில் யாரும் சுற்றியிருக்கிற ஊர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. வேலிக்கு உள்ளே பிளாக் நம்பர், வேலிக்கு வெளியே ‘மைன்ஸ் வரப்போற ஏரியா’. அதற்குள் எத்தனை ஊர் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று எங்கள் பிளாக்கில் கேட்டால் சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எல்லாம் நெய்வேலிதான். சைக்கிளில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஊரையும் நான் நெய்வேலி என்று எழுதினேன்.

நோட்டுப் புத்தகத்திலாவது ஒழுங்காக எழுதியிருக்கலாம். அதில் இடங்களுக்கு எழுத்து கொடுத்திருந்தேன். ‘ஏ’ என்றால் டவுன்ஷிப் தோட்டங்கள். ‘பி’ என்றால் வாய்க்கால் கரை. ‘சி’ என்றால் அஞ்சலையின் பந்தல். எந்த எழுத்து எந்த இடம் என்பதை எங்கேயும் குறித்துவைக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

பிடித்தவர் பெயர் என்ற இடத்தில் எல்லாக் குப்பியிலும் என் பெயர். வாழை நார் கட்டி வைத்தவளின் பெயர், கடி வாங்கியவளின் பெயர், ஒன்றில்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை வா

அன்றைக்குப் பின்பக்கக் கேட்டில் அவளை நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். அறிவிப்புக்கு இரண்டு வருஷம் முந்தைய குப்பிகள் எல்லாம் தேதியோடு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெய்வேலி, நெய்வேலி, நெய்வேலி. என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். அதில் அவள் ஊர்ப் பெயர் இல்லை என்பதை அவளுக்குப் புரியவைக்கவே நேரமானது.

“எங்க வூட்டுப் பந்தல்லதானேங்க புடிச்சீங்க?”

“ஆமா.”

“அப்ப நெய்வேலின்னு எதுக்குங்க எழுதனீங்க?”

திட்டுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் வேகமாக ஒரு வாக்குக் கொடுத்தேன்.

“சீட்டு வேண்டாம் அஞ்சலை. நான் லெட்டரே எழுதித் தரேன். இந்தத் தேதியிலேர்ந்து உன் வீட்டுக்கு வந்துட்டிருக்கேன், நீ தனியா குடியிருக்கறதப் பாத்திருக்கேன்னு எழுதி, காலேஜ் முத்திரை வாங்கிட்டு வரேன். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வா.”

“கண்டிப்பா வருவீங்களா?”

“வருவேன்.”

அவள் முகம் தெளிந்தது. தண்ணீர் கேட்டாள். அம்மா பின்பக்கத்துக்கென்று வைத்திருந்த அலுமினியத் தம்ளரில் கொண்டுவந்து ஊற்றினாள். குடித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை முத்திரைக்காகப் பேராசிரியரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“பேப்பர் அச்சுல இருக்கும்மா. இனத்தோட மூல இடம் நெய்வேலி. பேரே நெய்வேலி. இப்ப நீ ஒரு சர்க்கார் ஆபீஸ்ல, அந்தச் சிலந்தியப் பிடிச்சது வேற ஊர்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறே. நாளைக்கு யாராவது அதை எடுத்துக் காமிச்சா? லேபிளே பொய்னா மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவான். உன் தீசிஸ் என்ன ஆகும்?”

“சிலந்தியப் பத்தியே எழுத மாட்டேன் சார். வீட்டுக்குப் போனேன்னு மட்டும்...”

“எதுக்குப் போனேன்னு கேப்பான்ல? உன் இஷ்டம். நான் தடுக்கல. முத்திரை வேணும்னா எடுத்துக்கோ.”

முத்திரை மேஜை மேலேயே இருந்தது. அவர் தடுக்கவில்லை என்பதை நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவர்தான் விடவில்லை என்று சொல்லிவந்தேன். அப்பாவுக்குக் கம்பெனியில் பிரச்சினை வரும் என்று பயந்தேன் என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் நான் இதைப் பற்றிப் பேசவே இல்லை. கேட்டிருந்தால் எழுதிக் கொடு என்றுதான் சொல்லியிருப்பார். அவரும் தாமிரபரணிக் கரையில் குத்தகை நிலத்தை இழந்துவிட்டு வந்தவர்.

புதன்கிழமை விடுதியில் கடிதத்தை எழுதினேன். ஐந்து வரிதான். படித்துப் பார்த்தபோது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் அச்சில் என் பெயர் வரப்போகிற முதல் கட்டுரை அந்தச் சிலந்திக் கட்டுரைதான். பேராசிரியர் சொன்ன ‘லேபிளே பொய்’ என்ற வார்த்தை தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. லேபிளைத் திருத்துவது பாவம் என்று எனக்கு நானே ஒரு பெரிய பிரசங்கம் செய்துகொண்டேன். பொய்யாக எழுதியதைத் திருத்தாமல் காப்பாற்றுவதற்கு அறிவியல் நேர்மை என்று பெயர் வைத்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஊரில் இல்லை

அந்த வெள்ளிக்கிழமை நான் நெய்வேலி பஸ்ஸில் ஏறவில்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று அம்மாவுக்குத் தகவல் அனுப்பிவிட்டு விடுதியிலேயே இருந்தேன். திருத்த ஒரு தாளும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலைவலி என்று படுத்துக் கிடந்தேன். பக்கத்து அறைக்காரி ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா சொன்னாள். “உன் பூச்சிக்காரி வெள்ளிக்கிழமை வந்து பின்னால உக்காந்திருந்தா. கடைசி பஸ் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போனா. மறுநாள் காலையில மறுபடியும் வந்தா. ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன். என்னவாம் அவளுக்கு?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

பட்டியல் ஒட்டியாகிவிட்டது. அஞ்சலையின் பெயர் அதில் இல்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு மேலப்புளியங்குப்பம் போகத் தைரியம் வந்தது. காலனியில் பாதிக் குடிசைகள் பிரிந்து கிடந்தன. பட்டியலில் இருந்தவர்களின் சாமான்கள் டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தன. அஞ்சலையும் மகள்களும் கூரைக் கீற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்களாம். அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டேன். “மாட்டுக் கொட்டாயை ஒதுக்கித் தர்றேன்னு சொல்லியிருக்குதுங்க” என்றாள்.

அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அவள் கேட்காததால் நானே ஆரம்பித்தேன்.

“அந்த மாதிரி லெட்டரெல்லாம் ஆபீஸ்ல செல்லாதாம் அஞ்சலை. விசாரிச்சுப் பாத்தேன். குடுத்திருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பாங்க.”

நான் யாரையும் விசாரிக்கவில்லை.

“அப்டிங்களா” என்றாள் அஞ்சலை. கீற்றை மகளிடம் கொடுத்துவிட்டுக் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். “நீங்க படிச்சவங்க. ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும். நாங்கதான் ஏதோ நெனச்சிக்கினு அலைஞ்சிட்டோம்.”

பிறகு பந்தல் பக்கம் கையைக் காட்டினாள். “பூச்சி வேணும்னா இப்பவே புடிச்சிக்கினு போயிடுங்க. நாளைக்குப் பந்தலப் பிரிச்சிடுவோம். நாலு எலையில நார் கட்டி வெச்சிருக்கறேன்.”

பிடித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடையை விரித்து, தடியால் தட்டி, நான்கு குப்பி நிறையப் பிடித்தேன். அன்றைக்கு இரவு உட்கார்ந்து லேபிள் எழுதினேன். இடம் என்ற வரியில் நெய்வேலி என்றுதான் எழுதினேன். மாற்றி எழுதினால் பழைய குப்பிகளோடு பொருந்தாது.

பெயர் நீக்கம்

கட்டுரை அச்சில் வந்தது. எனக்குப் பட்டம் வந்தது. கல்லூரியில் வேலை நிரந்தரமானது. எல்லாம் அதனதன் வேளையில் நடந்தது.

நாலைந்து வருஷம் கழித்து, சிலந்திகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு வெளிநாட்டு நிபுணர் எங்கள் மாதிரியை இரவல் கேட்டு எழுதினார். அனுப்பினோம். ஒரு பத்தியில் பதில் வந்தது. நாங்கள் புது இனம் என்று சொன்னது புதிது இல்லையாம். அவருடைய தாத்தா காலத்திலேயே வேறொருவர் பெயர் வைத்துவிட்ட இனமாம். முள் வளைந்து தெரிந்ததற்குக் காரணம், நாங்கள் அதைச் சரியாகக் கிடத்திப் படம் வரையாததுதானாம். நெய்வேலி என்ற பெயரை நீக்கிப் பழைய பெயரோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது பட்டியல்களில் தேடினால் எங்கள் சிலந்தி அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பேராசிரியர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது சிரித்துக்கொண்டே, “சயின்ஸ்ல இதெல்லாம் சகஜம்மா” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமில்லாத ஒரு முள்ளுக்காக நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்லவும் இல்லை.

அப்போதும் எனக்கு ஓர் ஆறுதல் மிச்சம் இருந்தது. அஞ்சலையிடம் சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். சிலந்தி பிடிக்கிறவளின் கடிதத்தை எந்த ஆபீஸில் ஏற்பார்கள்? பட்டா கேட்பார்கள், கார்டு கேட்பார்கள். எழுதிக் கொடுத்திருந்தாலும் அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இதை வைத்துக்கொண்டு பல வருஷம் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மாணவியின் அப்பா

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், முதல் வருஷம் சேர்ந்த மாணவி ஒருத்தியின் அப்பா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்காக லேபுக்கு வந்தார். பெயர் கோதண்டம். வெற்றிலைக் காவிப் பல், மடித்துத் தைத்த சட்டைக் காலர். குறிஞ்சிப்பாடியில் வீடு, வருவாய்த் துறையில் கிளார்க் என்றார். முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று சும்மா கேட்டேன்.

“நெய்வேலியில நில எடுப்பு ஆபீஸ்லம்மா. அஞ்சாறு ஊரு பட்டியல் என் கையெழுத்துலதான் இருக்குது. மேலப்புளியங்குப்பம் அதுல ஒண்ணு.”

எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் வாயால் அந்த ஒரு வார்த்தையை, செல்லாது என்ற வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. கேட்டுவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“ஆதாரம் இல்லாத ஜனங்களை எல்லாம் ரொம்பக் கண்டிப்பா ஒதுக்கியிருப்பீங்களே” என்றேன்.

“எங்கம்மா கண்டிப்பு? பைலுக்கு ஒரு தாள் வேணும், அவ்ளோதான். தேதி போட்ட ஏதாவது ஒரு காகிதம். ஒருத்தன் மாட்டாஸ்பத்திரி ஊசிச் சீட்டைக் கொண்டாந்தான். ஏத்துக்கினோம். ஒருத்தன் மாரியம்மன் திருவிழா நோட்டீசுல பேர் இருக்குதுன்னு தூக்கிக்கினு வந்தான். அதையும் ஏத்துக்கினோம். எங்க ஆபீசரு நல்ல மனுசன். படிச்சவங்க யாராச்சும் இவங்களைத் தெரியும்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாலே போட்டுடுங்கய்யான்னு சொல்லிட்டாரு.”

அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு பொம்பளதாம்மா மனசுல நிக்குது. பேரு அஞ்சலை. ரெண்டு பொண்ணுங்க அதுக்கு. ஒரு டீச்சரம்மா லெட்டர் எழுதிக்கினு வர்றாங்க, அவங்க வாக்கு மாற மாட்டாங்கன்னு சொல்லி வாசல்லயே உக்காந்துக்கினு இருந்திச்சி. சனிக்கிழமை மூட வேண்டிய பட்டியல். திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அதுக்காக ஒரு வரி காலியா வுட்டு வெச்சிருந்தேன். அப்புறம் ஆபீசரு கையெழுத்துக்குக் கேட்டுட்டாரு. என்னா பண்றது, கோடு இழுத்துட்டேன்.”

கையெழுத்துப் போட்ட படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“அந்த டீச்சர் கடலூர் காலேஜ்னுதான் அது சொல்லிச்சி. பூச்சி புடிக்கறவங்களாம். உங்க காலேஜா இருக்குமோம்மா? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.